சபையில் வாசிக்க முடியாத ஒரு மடல்

மொரீஷியஸ் தேசியப் பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடலை உங்களில் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்ச் சபையில் வாசிக்க நினைத்தால், சட்டப்படி அது முடியாது. 1968-இல் எழுதிய அரசமைப்பின் 49-ஆவது பிரிவு, பேரவையின் அலுவல் மொழி ஆங்கிலம் என்கிறது. உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சிலும் பேசலாம் என்று ஒரு சலுகை தருகிறது. அத்தோடு சரி. வீட்டிலும் சந்தையிலும் பேருந்திலும் நாம் எல்லாரும் பேசுகிற கிரியோலைக்கூட அந்தப் பிரிவு நினைத்துப் பார்க்கவில்லை. தமிழ் எங்கே நிற்கும்!

நான் ரோஸ் ஹில் பக்கம் இருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளிக்கிழமை மாலையில் கோவில் மண்டபத்தில் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அரசமைப்பைத் திருத்த வேண்டும், தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்று நீங்கள் எல்லாரும் மேடைதோறும் பேசுவதைக் கேட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். திருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அதை எங்களுக்குப் படிக்கக் கொடுங்கள்.

என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. கணக்கு எழுதுகிற நீளமான நோட்டு, அட்டை போய்விட்டது. அதில் ஒரு பக்கம் முழுக்க என் தாத்தா ஒரே வாக்கியத்தைப் பதினொரு முறை எழுதியிருக்கிறார்: 'நான் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்கிரேன்.' ஒவ்வொரு வரியிலும் அந்த 'றே' 'ரே'யாகத்தான் விழுந்திருக்கிறது. ஏழாவது வரியில் யாரோ சிவப்புப் பென்சிலால் திருத்தியிருக்கிறார்கள். எட்டாவது வரியில் மறுபடியும் 'ரே'.

அது 1948. அதற்கு முந்தின டிசம்பரில் வந்த புதிய அரசமைப்பு, இந்தத் தீவில் புழங்கும் மொழிகளில் ஏதாவது ஒன்றில் எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்த வயது வந்தவர்களுக்கு வாக்குரிமை என்று சொன்னது. அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. தெலுங்கு, உருது, இந்துஸ்தானி, குஜராத்தி, சீனம், கிரியோல் எல்லாம் இருந்தன. கிராமங்களில் சமூகத் தலைவர் பஸ்தேவ் பிசுன்தயாலின் தொண்டர்கள் ஆட்களை உட்காரவைத்து இந்தி எழுத்து பழக்கினார்கள். எங்கள் பக்கம் கோவில் மண்டபத்தில் அரிக்கேன் விளக்கு வைத்துத் தமிழ் நடந்தது. அதுவரை சுமார் 12,000 பேர் இருந்த வாக்காளர் பட்டியல் ஒரே தடவையில் 70,000-ஐத் தாண்டியது. தாத்தாவின் 'செய்கிரேன்' அதிகாரிக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. ஆகஸ்டில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வாக்களித்தார். பாட்டிக்கு எழுத்து வரவில்லை. 1959-இல் எல்லாருக்கும் வாக்கு வந்த பிறகுதான் அவர் போனார். பதினொரு வருஷம் தாத்தா அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தாராம்.

இந்த நாட்டின் அரசமைப்பு வரலாற்றில் எங்கள் எழுத்தை அரசு ஒரு பொருட்டாக எண்ணிய சமயம் என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இருபது வருஷம் கழித்து வந்த சுதந்திர நாட்டின் அரசமைப்பு என்ன சொல்கிறது? 33-ஆவது பிரிவைப் பாருங்கள். பேரவை உறுப்பினராக நிற்க வேண்டுமானால், சபை நடவடிக்கையில் பங்கெடுக்கும் அளவுக்கு ஆங்கிலம் பேசவும் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். காலனி அரசு தாத்தாவை வாக்காளராக ஏற்றுக்கொண்டது. சுதந்திர நாடு அவரை வேட்பாளராக ஏற்காது.

படிக்க முடியாத தாளில் நம் தலைவிதியை எழுதுவது இந்தத் தீவுக்குப் புதிதில்லை. 1810 நவம்பர் கடைசியில் ஆங்கிலேயர் வடக்குக் கரையில் இறங்கினார்கள். அந்தப் படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை, அது போகட்டும். டிசம்பர் 3-ஆம் தேதி பிரெஞ்சு ஆளுநர் தெக்கான் சரணடைந்தார். அந்த உடன்படிக்கையில் ஒரு சரத்து: குடியிருப்பவர்கள் தங்கள் மதத்தையும் சட்டத்தையும் வழக்கத்தையும் வைத்துக்கொள்ளலாம். தோற்றவர்கள் கேட்டதை ஜெயித்தவர்கள் கொடுத்தார்கள். ஐந்து வருஷம் முன்னால்தான், 1805-இல், நெப்போலியனின் சிவில் சட்டம் இங்கே வந்திருந்தது. அந்தச் சரத்தைப் பிடித்துக்கொண்டு அது அப்படியே தங்கிவிட்டது. 'குடியிருப்பவர்கள்' என்பதில் அடிமைகள் சேர்த்தி இல்லை. பழைய பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்திலிருந்து புதுச்சேரியிலிருந்து வந்து போர்ட் லூயிஸில் கல்லும் மரமும் இழைத்துக்கொண்டிருந்த நம் ஆட்களை யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

அதன் மேல் ஆங்கிலேயர் தங்களுக்கு வேண்டியதைக் கட்டினார்கள். 1838-இல் வந்த தண்டனைச் சட்டம் பிரெஞ்சு அச்சில் வார்த்தது. குற்றவழக்கு நடைமுறையும் சாட்சியச் சட்டமும் ஆங்கிலப் பாணி. 1840-களில் மேல் நீதிமன்றங்களின் மொழியை ஆங்கிலமாக்கினார்கள். 1850-இல் உச்ச நீதிமன்றம் வந்தது. ஆக, இன்றைக்கும் ஒரு நில வழக்கில் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதாடுவார், எடுத்துக்காட்டுவது பாரிஸ் தீர்ப்பாக இருக்கும், கடைசி மேல்முறையீடு லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போகும். நெப்போலியன் சட்டத்துக்கு ஆங்கிலேய நீதிபதிகள் பொருள் சொல்வார்கள். 1992-இல் குடியரசான பிறகும் அந்த வழியை நாம் அடைக்கவில்லை. அடைக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சின்னத் தீவு, எல்லாரும் எல்லாருக்கும் உறவு. தூரத்தில் இருக்கிற நீதிபதி சில சமயம் நல்லது.

இந்தக் கலவைச் சட்டத்தின் ருசியை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். தாத்தாவுக்கு அரை அர்ப்பான், கிட்டத்தட்ட அரை ஏக்கர், நிலம். நாலு பிள்ளைகள், அதில் மூன்று பெண்கள். கடைசிக் காலத்தில் நிலம் முழுவதையும் மகனுக்கு எழுதிவைக்க வேண்டும் என்று, பத்திரம் எழுதுகிற நொத்தேரிடம் போனார். நொத்தேர் நாலு பக்கம் பிரெஞ்சில் வைத்திருந்தார், அதைக் கிரியோலில் சொன்னார்: மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால், உங்கள் விருப்பப்படி எழுதிவைக்கக் கால் பங்குதான் உண்டு. மிச்ச முக்கால் பங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும், பெண் ஆண் என்ற பேதம் கிடையாது. தாத்தா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. 'நம்ம வழக்கம் அது இல்லையே' என்று மட்டும் சொன்னாராம்.

என் அத்தைகள் மூவரும் அந்த நிலத்தில் பங்கு வாங்கினார்கள். தமிழ்நாட்டில் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989-இல். இங்கே அது 1805-இலேயே இருந்தது. யாரும் அதை எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதே சட்டம்தான் மனைவியைக் கணவன் சொல்லுக்குள் கட்டி வைத்திருந்தது, அந்தக் கட்டு 1980-களை ஒட்டித்தான் அவிழ்ந்தது. நல்லதோ கெட்டதோ, எது நம்முடையது என்று தெரியாமலே நூற்றுக்கணக்கான வருஷம் அதற்குள் குடியிருந்திருக்கிறோம்.

இன்னொரு சம்பவம். உறவில் எனக்குச் சித்தப்பா முறை ஆகும் ஒருவர் ஒரு சின்ன வழக்கில் சாட்சி சொல்லப் போனார். எந்த நீதிமன்றம் என்பது வேண்டாம். அவரிடம் ஏதோ கேட்டார்கள். 'மோ பா கொனே' என்றார். எனக்குத் தெரியாது என்று அர்த்தம். பதிவில் ஆங்கிலத்தில் ஏறியது, சாட்சி மறுக்கிறார் என்று. பிற்பாடு வழக்கறிஞர் அதைப் படித்துக்காட்டியபோது சித்தப்பா திருப்பித் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: 'தெரியாதுங்கறதும் மறுக்கறதும் ஒண்ணாப்பா?' சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலம் போதாதவர் தனக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் சாட்சி சொல்லலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவருக்குப் புரிகிற மொழியில் குற்றத்தைச் சொல்ல வேண்டும், காசு வாங்காமல் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று அரசமைப்பின் 10-ஆவது பிரிவு சொல்கிறது. வாயிலிருந்து தாளுக்குப் போகிற அந்த ஒரு சாண் தூரத்தில்தான் பிசகு.

ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கதையும் தாள் கதைதான். ஒப்பந்தம் முடிந்தவர்கள்கூடப் புகைப்படம் ஒட்டிய சீட்டோடுதான் நடமாட வேண்டும் என்று 1867-இல் சட்டம் போட்டார்கள். சீட்டு இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்து உள்ளே தள்ளலாம். 1871-இல் அதை எதிர்த்து ஆளுநர் கார்டனுக்கு ஒரு மனு போனது. கூலிகளுக்காகப் பேசிய அடோல்ஃப் தெ பிளேவிட்ஸ் முன்னின்று தயாரித்தது, 9,401 பேர் அதில் பெயர் போட்டார்கள். அதைத் தொடர்ந்து ராஜாங்க விசாரணைக் குழு வந்தது. 1878-இல் தொழிலாளர் சட்டம் மாறியது. ஆக, இந்தத் தீவில் அதிகாரத்துக்கு மடல் எழுதிப் பலன் கண்டவர்கள் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

சபையின் கதையை நீட்ட வேண்டாம், உங்களுக்குத் தெரியும். 1825-இல் ஆளுநரும் நாலு அதிகாரிகளும் உட்கார்ந்த ஆலோசனை அவை. 1885-இன் அரசமைப்பு முதன்முதலாக 10 பேரைத் தேர்தலில் வரவிட்டது. சொத்தோ சம்பளமோ உள்ள சுமார் 4,000 பேருக்குத்தான் வாக்கு. இந்திய வம்சாவளியினர் இருவர் தேர்தலில் ஜெயிக்க 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்புறம் 1948, 1959. பிறகு லண்டனில் மாநாடுகள்.

1966-இல் தேர்தல் முறையை ஆராயப் பேன்வெல் குழு வந்து இப்போதிருக்கிற ஏற்பாட்டுக்கு அடித்தளம் போட்டது: 20 தொகுதி, ஒவ்வொன்றிலும் மூன்று பேர், நம் நாட்டின் இன்னொரு தீவான ரோட்ரிக்ஸுக்கு இரண்டு பேர், அதற்கு மேல் எட்டுப் பெஸ்ட் லூசர். பெஸ்ட் லூசர் என்றால் தோற்றவர்களில் முன்னால் நிற்பவர். எந்தச் சமூகத்துக்கு ஆள் குறைகிறதோ அந்தச் சமூகத்து வேட்பாளரைத் தோற்ற பிறகும் உள்ளே எடுப்பது. அதற்காக வேட்பாளர் ஒவ்வொருவரும் மனுவில் தன் சமூகத்தைச் சொல்ல வேண்டும். நாலு கட்டம்: இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர். இந்த மூன்றிலும் அவருடைய 'வாழ்க்கை முறை'யைப் பார்த்தால் சேராதவர் என்று தோன்றுகிற எவரும் நாலாவது கட்டமான 'ஜெனரல் பாப்புலேஷன்'. தமிழருக்குத் தனிக் கட்டம் கிடையாது, இந்துவில் அடக்கம். இதற்கு எடுக்கிற கணக்கு 1972-இன் மக்கள்தொகைக் கணக்கு. அப்போது கைக்குழந்தையாக இருந்தவர் இப்போது பேரன் எடுத்திருப்பார்.

ஐ.நா. மனித உரிமைக் குழு 2012-இல் இந்தக் கட்டாயம் சரியல்ல என்றது. 2014 தேர்தலுக்கு மட்டும் ஒரு தற்காலிகச் சட்டம் போட்டீர்கள், சமூகம் சொல்லாமலும் நிற்கலாம் என்று. அந்தத் தேர்தலோடு அதுவும் முடிந்தது.

இருந்தாலும் அந்த நாலு கட்டத்தைத் தூக்கி எறியுங்கள் என்று ஒரே வரியில் என்னால் சொல்ல முடியவில்லை. 2024 நவம்பரில் தீவின் 60 இடமும் ஒரே அணிக்குப் போயின. 1982-இலும் 1995-இலும் இதேதான். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார ஓர் ஆள் கிடைத்ததே பெஸ்ட் லூசர் வழியில்தான். பழைய ஓட்டு வீட்டில் ஒரு உளுத்த தூண் இருக்கும். எடுத்தால் நல்லதுதான், ஆனால் உத்திரம் அதன் மேல் நிற்கிறது. முதலில் மாற்றுத் தூண் வைக்க வேண்டும். தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையில் ஒரு குழு 2002-இலேயே அப்படி ஒன்று சொன்னது: வாக்கு விகிதத்தின்படி கூடுதல் இடங்கள். அந்த அறிக்கையைப் பற்றிக் காரசாரமாகப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்று கேட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

அதே 2002-ஐப் பற்றி நம் தமிழ்ச் சங்கத்துக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமைச்சரவையில் தமிழர் எத்தனை என்று எண்ணுவதில் நமக்கு இருக்கிற வேகம் வேறெதிலும் கிடையாது. அந்தப் பிப்ரவரியில் பயங்கரவாதத் தடுப்பு மசோதா குடியரசுத் தலைவர் காசிம் உத்தீமிடம் போனது. அவர் திருப்பி அனுப்பினார். சபை மறுபடி நிறைவேற்றியது. இரண்டாவது முறை வந்தால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்பது அரசமைப்பு. போட மனமில்லாமல் 15-ஆம் தேதி பதவியை விட்டார். துணைத் தலைவர் அங்கிடி செட்டியார் பொறுப்புக்கு வந்தார். அவரும் போடவில்லை, 18-ஆம் தேதி விலகினார். அடுத்து அரசமைப்புப்படி தலைமை நீதிபதி அரிரங்க பிள்ளை அந்த இடத்துக்கு வந்தார், கையெழுத்துப் போட்டார். ஒரே வாரம், ஒரே மேசை, ஒரே தாள், இரண்டு தமிழர்கள். ஒருவர் மனச்சாட்சி என்றார் என்று வையுங்கள், இன்னொருவர் கடமை என்று நினைத்திருப்பார். இரண்டுக்கும் அரசமைப்பில் இடம் இருந்தது. 'நம்ம ஆள்' எப்படி முடிவெடுப்பார் என்று எந்தக் கட்டத்தைப் பார்த்துச் சொல்வது? குடியரசின் முதல் தலைவரே வீராசாமி ரிங்காடு, நம் ஆள்தான். அதைப் பெருமையாகச் சொல்வோம், நானும் சொல்வேன். அவர் காக்க வேண்டியிருந்த சட்டத்தின் ஒரு பிரிவாவது தமிழில் நம் கையில் இருக்கிறதா?

1998-இல் புது ரூபாய் நோட்டில் தமிழ் வரியை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று எப்படிக் கொதித்தோம்! நானும் வீதியில் நின்றேன். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள், தமிழ் பழையபடி மேலே வந்தது. ஒரு வரி மேலா கீழா என்பதற்கு அவ்வளவு. அரசமைப்பில் நமக்குத் தமிழ் வரி ஒன்றுகூட இல்லை, அதைக் கேட்டு யாரும் வீதிக்கு வரவில்லை. நான் உட்பட.

சரி, என்ன கேட்கிறேன்? அரசமைப்பையும் நீங்கள் கொண்டுவரப் போகிற ஒவ்வொரு திருத்த வரைவையும் முதலில் கிரியோலில் வெளியிடுங்கள். ஒரு தமிழ் வாத்தியார் கிரியோலை முதலில் சொல்கிறானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உண்மையைச் சொன்னால், தமிழ்க் குடும்பங்களிலேயே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான், கிரியோல் எல்லாருக்கும் தெரியும். அதன் பின்னால் 1947-இன் மொழிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மற்ற மொழிகளிலும் போடுங்கள். வரைவு வெளிவந்த நாளுக்கும் வாக்கெடுப்பு நாளுக்கும் நடுவில் ஆறு மாதமாவது விடுங்கள். கிராம மண்டபங்களில் வந்து உட்கார்ந்து கேளுங்கள், கிரியோலில். 33-ஆவது பிரிவின் ஆங்கிலத் தகுதியையும் 49-ஆவது பிரிவையும் அப்போது சேர்த்தே பார்த்துவிடலாம்.

மொழிபெயர்ப்பு எளிதில்லை என்று சொல்வீர்கள். தெரியும். எங்கள் வெள்ளிக்கிழமை வகுப்பில் நாங்களே தொடங்கிவிட்டோம். முதல் பிரிவு ஒரே வரி, மொரீஷியஸ் இறையாண்மை உள்ள ஜனநாயக நாடு என்று, ஒரு மாலையில் முடிந்தது. அடிப்படை உரிமைகள், 3 முதல் 16 வரை, ஏழு மாதம் எடுத்தது. இப்போது முதல் அட்டவணையில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். 'ஜெனரல் பாப்புலேஷன்' என்பதை என்ன செய்வது? பலகையில் 'பொதுமக்கள்' என்று எழுதினேன். பின் வரிசையில் ஒரு அம்மா, சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவர், மெதுவாகப் படித்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

'சார், இந்து, முஸ்லிம், சீனர், அப்புறம் பொதுமக்கள்னு போட்டிருக்கு. அப்போ நாம பொதுமக்கள் இல்லையா?'

வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வார்த்தையை அழித்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் சட்ட வரைவாளர்களில் ஒருவரை அனுப்பி வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு வகுப்பு, டீயும் காட்டோ பிமா என்கிற பருப்பு வடையும் உண்டு.

இப்படிக்கு,
ரோஸ் ஹில்லிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழ் ஆசிரியர்